நல்ல சேதிக்குப் போன் கிடையாது

புனிதாவின் வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலுக்குக்கூட ஒரு எஸ்.ஓ.பி., அதாவது எழுதி வைத்த செய்முறை, உண்டு. தண்ணீர் எந்தக் கோடு வரை, சுவிட்சை அணைப்பது யார், மூடியை எப்படி வைப்பது என்று அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். கோவிட் காலத்தில் நாடு முழுக்க எஸ்.ஓ.பி. என்று அரற்றியபோது மற்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். புனிதா மட்டும், கடைசியில் எல்லாரும் வழிக்கு வந்தார்கள் என்று நினைத்தாள்.

அவள் கணவன் சுகுமாறன் எல்.ஆர்.டி. நகர ரயில் பராமரிப்பில் வேலை செய்பவன், சாதுவான மனிதன். "மழை வர்ற மாதிரி இருக்கு புனிதா, இதுக்கு என்ன எஸ்.ஓ.பி.?" என்று கேட்பான். அவள் கேலியைக் கேலியாக எடுத்துக்கொள்ள மாட்டாள். "துணியை எடுக்கணும், ஜன்னலைச் சாத்தணும்" என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, அதற்கும் ஒன்று எழுதினால் நல்லதுதான் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவாள்.

புனிதா பிறந்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில். அப்பாவுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை. ஒரு நெம்புகோலைத் தப்பாக இழுத்தால் இரண்டு ரயில்கள் முட்டிக்கொள்ளும் என்பதைச் சோற்றோடு பிசைந்து ஊட்டி வளர்த்தார்கள். அப்படி வளர்ந்த பெண் நர்சாகப் போனதில் ஆச்சரியமில்லை. கட்டில் விரிப்பின் மடிப்பு கோணலாக இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது. நோயாளிகள் 'மிஸ்ஸி' என்று கூப்பிட்டார்கள். கூட வேலை செய்தவர்கள் கூப்பிட்ட பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை.

அவள் வார்டுக்கு வந்த புதிதில் எச்.ஐ.வி. என்றால் சாவு என்றுதான் பொருள். இளம் வயசுக்காரர்கள் எலும்பாக வந்து படுத்தார்கள். புனிதா அழவில்லை. அழுவதைவிட முதுகைத் திருப்பிப் படுக்க வைத்துப் பவுடர் போடுவது அவர்களுக்கு உபயோகமாக இருந்தது. பிறகு நல்ல மாத்திரைகள் வந்தன. தினமும் ஒழுங்காக விழுங்கியவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், வீட்டுக்குப் போனார்கள், வேலைக்குப் போனார்கள், பெருத்தும் போனார்கள். புனிதாவுக்குத் திருப்தி. ஆனால் ஒரு மாத்திரைகூட விடாமல் போட்ட ஒருத்தி பல வருஷம் கழித்துத் திரும்பி வந்தாள். கர்ப்பப்பை வாயில் புற்று. முற்றிவிட்டிருந்தது.

அந்தப் பெண்ணைக் கடைசி வரை கவனித்துக்கொண்ட புனிதாவுக்குக் கோபம்தான் வந்தது. இது வராமல் தடுக்கக்கூடியது. புற்றை உண்டாக்கும் கிருமி வேறு, அது எச்.பி.வி. பெரும்பாலான பெண்களுக்கு வந்து, தானாகப் போய்விடும். எச்.ஐ.வி. இருக்கும் பெண்களின் உடம்பில் அது பிடிவாதமாகத் தங்கி, புற்றாக மாறும் ஆபத்தும் பல மடங்கு. முன்கூட்டியே சோதித்தால் பிடித்துவிடலாம். ஆனால் அந்தப் பெண்கள் சோதிக்க வருவதில்லை. காலை விரித்துக்கொண்டு ஒரு அந்நியர் முன் படுத்து, "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு" என்று வேறு சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஆகவே நாற்பத்தைந்து வயதுக்கு மேல் மறுபடி படித்து ஆராய்ச்சியாளரானாள். அவள் திட்டம் எளிது. பஞ்சு சுற்றிய ஒரு குச்சி, ஒரு குழாய், ஒரு உறை. பெண்கள் தங்கள் வீட்டுக் குளியலறையிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு, தாங்களே மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை, எச்.ஐ.வி. சிகிச்சையில் இருக்கும் பெண்களிடம் அவளே நேரில் போய்க் கொடுத்து வாங்கி வருவாள்.

யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்கு அவள் எடுத்த முன்னேற்பாடுகள் ஒரு சின்ன ராணுவத்துக்குப் போதும். சீருடை கிடையாது. மருத்துவமனை அட்டை கிடையாது. உறைகளைப் பூப்போட்ட துணிப்பையில் வைத்துக்கொண்டு, நல்ல சேலை கட்டி, பளபளவென்று காலணி போட்டுக்கொண்டு போனாள். கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்புக்குள் தனியாக, சிரித்த முகத்தோடு, கையில் பையோடு வரும் நடுத்தர வயசுத் தமிழ்ப் பெண் யாராக இருக்க முடியும் என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை இல்லை என்றால் மூன்றே வகைதான்: ஜெபத்துக்குக் கூப்பிடுகிறவள், இன்சூரன்ஸ்காரி, அல்லது டைரக்ட் செல்லிங். போன தெருவெல்லாம் மூன்றாவது வகை என்று முடிவு கட்டிவிட்டது.

புனிதா மறுக்கவில்லை. இதைவிட நல்ல மறைப்பு கிடைக்காது என்று மகிழ்ச்சியாகவே இருந்தாள்.

அவள் அதிகம் பெருமைப்பட்டது முடிவு சொல்லும் முறையைப் பற்றித்தான். சோதனை சுத்தமாக இருந்தால் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். சுத்தமாக இல்லையென்றால் புனிதாவே கூப்பிட்டு, பொறுமையாகப் பேசி, அடுத்த சோதனைக்கு நாள் குறிப்பாள். கெட்ட சேதியை எழுத்தில் அனுப்பக்கூடாது, மனிதக் குரலில்தான் சொல்ல வேண்டும் என்பது அவள் கொள்கை. ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் ஒழுக்கநெறிக் குழு பாராட்டியது. அவளுக்கு வழிகாட்டிய பேராசிரியர் பாராட்டினார். ஒவ்வொரு பெண்ணிடமும் அவள் இதைத் தெளிவாகச் சொல்லிவைத்தாள்: "நல்லா இருந்தா மெசேஜ் வரும். நான் கூப்பிட மாட்டேன்."

தாமரையின் முடிவு சுத்தமாக வரவில்லை.

தாமரை கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்பவள். நாற்பதைத் தொட்டவள். லோரி ஓட்டிய கணவன் செத்துப்போன பிறகுதான் அவன் தனக்கு என்ன விட்டுப்போனான் என்று தெரிந்துகொண்டாள். மாத்திரை போடுகிறாள், ஆரோக்கியமாக இருக்கிறாள். மாமியார் வீரம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். வீரம்மாவுக்கு இந்த விஷயம் தெரியாது. மகன் நிமோனியாவில் போனான் என்றே நம்பிக்கொண்டிருக்கிறாள்.

வந்திருந்தது எச்.பி.வி.யில் மிக ஆபத்தான வகை. கருவி வைத்துக் கர்ப்பப்பை வாயைப் பார்க்க வேண்டும். மாற்றம் தொடங்கியிருந்தால் உடனே அகற்ற வேண்டும். விட்டால் வார்டுக்குத் திரும்பி வந்த அந்தப் பெண்ணின் கதைதான். புனிதா போன் செய்தாள். தாமரை எடுக்கவில்லை. மறுநாள் செய்தாள். எடுக்கவில்லை. பிறகு போன் அணைக்கப்பட்டிருந்தது.

"வேற வேலையா இருப்பாங்க லா" என்றான் சுகுமாறன்.

"ஒரு வாரமாவா?"

"எடுக்கலைன்னா என்ன பண்ணணும்னு உன் எஸ்.ஓ.பி.ல இல்லையா?"

இல்லை. அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

நேரில் போனாள். வீட்டு இரும்புக் கேட் பூட்டியிருந்தது. உள்ளே கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வீரம்மா, குழாயைக் கீழே வைக்காமலே நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு வேணும்?"

"தாமரை இருக்காங்களா, ஆன்டி?"

"ஆன்டியா? உனக்கும் எனக்கும் பத்து வயசு வித்தியாசம் இருக்குமா? நீ அந்தச் சாமான் விக்கிறவதானே? அவ இல்ல. இருந்தாலும் இல்ல."

"நான் விக்க வரல. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு..."

"எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பீங்க. முன்னாடி ஒருத்தி சும்மா பேசிட்டுப் போறேன்னு வந்தா. போகும்போது என் கட்டில்ல காந்த மெத்தை கெடக்கு. இன்னும் அதுலதான் படுக்கிறேன். முதுகு வலி அப்படியேதான் இருக்கு."

புனிதா வாயைக் கட்டியிருக்க வேண்டும். ஆனால் பழக்கம் முந்திக்கொண்டது. "எந்தப் பக்கம் வலிக்குது? குனியும்போதா, எழும்போதா?"

"பாத்தியா! ஆரம்பிச்சிட்ட!" என்றாள் வீரம்மா. குழாய்த் தண்ணீர் கேட்டுக்கு வெளியே தெறித்து, பளபளத்த காலணி இரண்டும் நனைந்தன.

நர்ஸ் என்று சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்கும். சொல்ல முடியாது. நர்ஸ் எதற்கு மருமகளைத் தேடி வீட்டுக்கு வருகிறாள் என்று அடுத்த கேள்வி வரும். சேலைக் கடைக்குப் போனால் அங்கே இன்னும் நாலு காதுகள். காரில் உட்கார்ந்து யோசித்தாள் புனிதா. ஊரே அவளை விற்பனைக்காரி என்கிறது. சரி, விற்றுவிட வேண்டியதுதான்.

புனிதா குடியிருக்கும் அடுக்குமாடியில் கீழ்த்தளத்தில் இருக்கும் வாணி பல வருஷமாகப் பிளாஸ்டிக் டப்பா விற்பவள். புனிதா வந்து, "உன் சாமானைக் கொஞ்சம் இரவல் கொடு, எப்படி விக்கிறதுன்னும் சொல்லிக் கொடு" என்று கேட்டதும் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை தடவை கூப்பிட்டேன் அக்கா! ஆராய்ச்சி, ஆராய்ச்சின்னு சுத்துனீங்க. இப்பவாவது புத்தி வந்துச்சே. என் கீழயே சேர்ந்துக்குங்க லா."

"சேரல. ஒரு நாளைக்குத்தான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று கண்ணடித்தாள் வாணி. பிறகு வித்தையைக் கற்றுக் கொடுத்தாள். மூடியின் ஓரத்தைத் தூக்கி, நடுவில் அழுத்தினால் காற்று 'புஸ்' என்று வெளியேறும். அந்தச் சத்தத்துக்கே பாதிப் பேர் மயங்கிவிடுவார்கள். "கேள்வி கேட்டா நேரடியா பதில் சொல்லாதீங்க. சிரிங்க."

வீரம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி கிருஷ்ணம்மாள், புனிதாவைத் தெருவில் பார்த்த முதல் நாளிலிருந்தே டப்பாவுக்குக் காத்திருந்தவள். ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டு வரவேற்பறையிலேயே சாமானைப் பரப்பிக் காட்டச் சொன்னாள். தெருப் பெண்களையும் கூப்பிட்டாள். யாரையும் ஏமாற்றிவிடக் கூடாது என்று கண்காணிக்க வீரம்மா வந்தாள். ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துச் சொல்ல, மருமகளையும் இழுத்து வந்தாள். புனிதா எதிர்பார்த்ததும் அதைத்தான்.

தாமரை வாசலிலேயே புனிதாவைப் பார்த்துவிட்டாள். பார்வையைத் தரையில் நட்டுக்கொண்டாள்.

புனிதாவைவிட மோசமான விற்பனைக்காரியைக் கிள்ளான் பார்த்ததில்லை. 'புஸ்' சத்தம் வரவே இல்லை. "இதுல சுடு ரசம் ஊத்தலாமா?" என்று ஒருத்தி கேட்டாள். சிரிக்க வேண்டும் என்பது மறந்துபோய், "ஊத்தாதீங்க, ஆறட்டும்" என்றாள். "எத்தனை வருசம் உழைக்கும்?" "தெரியாது." "உங்க வீட்டுல இருக்கா?" "இல்ல." பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேண்டாம் என்று சொல்லும் ஏஜென்டை அவர்கள் கண்டதே கிடையாது. ஆளுக்கு ஒன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். கடைசிப் பெரிய டப்பாவுக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள்.

வீரம்மாவுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. ஒரு டப்பாவை மருமகளிடம் நீட்டினாள். "தாமரை, அடுப்பங்கரையில தண்ணி ஊத்திக் கவுத்துப் பாரு, ஒழுகுதான்னு."

"எப்படின்னு நான் காட்டுறேன்" என்று புனிதாவும் பின்னாலேயே போனாள். போனதும் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். இனிப் பேசினால் வெளியே கேட்காது.

"ஏம்மா போனை எடுக்கல?"

"எடுக்க மாட்டேன் மிஸ்ஸி."

"ஏன்?"

"நீங்கதானே சொன்னீங்க, நல்லா இருந்தா மெசேஜ் வரும், கூப்பிட மாட்டேன்னு. உங்க பேரு போன்ல வந்ததுமே தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சதை எடுத்து வேற கேக்கணுமா?"

"என்ன தெரிஞ்சது?"

"கேன்சர்."

"கேன்சர்னு யாரு சொன்னா?"

"இல்லையா?"

"இப்ப தெரிஞ்சது கிருமி மட்டும்தான். அது வேலையை ஆரம்பிச்சிருச்சான்னு பாக்கணும். ஆரம்பிச்சிருந்தா அந்த இடத்தை மட்டும் எடுத்திருவாங்க. அன்னிக்கே வீட்டுக்கு வந்திரலாம். விட்டாத்தான் கேன்சர்."

தாமரை டப்பாவைப் பிடித்தபடி நின்றாள். தண்ணீர் நிரம்பி, கையெல்லாம் வழிந்தது. "அப்ப இதை மெசேஜ்லயே போட்டிருக்கலாமே? பத்து நாளா நான் செத்துட்டேன்னு நெனச்சிக்கிட்டு, கடையில சேலை மடிச்சிக்கிட்டு இருந்தேன்."

ஒழுக்கநெறிக் குழு கேட்காத கேள்வி. பேராசிரியர் கேட்காத கேள்வி. புனிதாவின் போன் மணி ஒவ்வொரு பெண்ணுக்கும் சாவு மணியாக ஒலிக்கும்படி, அச்சடித்து உறை போட்டு ஏற்பாடு செய்திருந்தது அவளேதான்.

"தப்புதான்" என்றாள். "திட்டணும்னா பிறகு திட்டு. செவ்வாய்க்கிழமை கேஎல் ஆஸ்பத்திரியில உனக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கேன். இதை விட்டா அடுத்தது எப்பன்னு என்னால சொல்ல முடியாது."

"கடையில தீபாவளி வியாபாரம், மிஸ்ஸி. அத்தைகிட்ட வேற என்ன சொல்ல? ஒண்ணை மறைக்கிறதே பெரிய பாடா இருக்கு. ரெண்டாவதையும் எங்க கொண்டு வைக்கிறது?"

"தீபாவளி அடுத்த வருசமும் வரும். அதுக்கு நீ இருக்கணும். அத்தைகிட்ட என்ன சொல்றதுன்னு நீயே முடிவு பண்ணு. கேஎல் சென்ட்ரல்ல நிப்பேன், வந்துரு."

கூடத்திலிருந்து வீரம்மாவின் குரல் வந்தது. "என்னடி, ஒழுகுதா இல்லையா?"

"ஒழுகல அத்தை!" என்று டப்பாவைப் பார்க்காமலே கத்தினாள் தாமரை.

வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ அவள் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை கேஎல் சென்ட்ரலில், கொமுட்டர் ரயில் வந்து சேரும் வாசலில் புனிதா நின்றாள். கிள்ளான் ரயில் ஒன்று வந்து போனது. தாமரை இல்லை. அடுத்ததும் வந்தது. கூட்டத்தின் கடைசியில், புதுச்சேலை கட்டிய தாமரை. அவளுக்குப் பின்னால், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாரோ பறிக்க வருகிற மாதிரி எல்லாரையும் முறைத்தபடி, வீரம்மா.

மாமியார் வந்தால் என்ன செய்வது என்று எந்தத் தாளிலும் புனிதா எழுதி வைக்கவில்லை.

"கேஎல்லுக்குப் போறேன்னு இவ சொன்னா" என்று நேராக வந்து நின்றாள் வீரம்மா. "உன் மீட்டிங்குக்குத்தான் போறா, நீ இவளை உன் கீழ சேர்த்துக்குவேன்னு நெனச்சு நானும் ஏறிட்டேன். ஷா ஆலம் தாண்டும்போதுதான் சொல்றா, கர்ப்பப்பை டெஸ்டுன்னு. நீ நர்சாமே?"

"ஆமா, ஆன்டி."

"இதை அன்னிக்கு வாசல் கேட்டுலயே சொல்றதுக்கென்ன? இதுக்கா டப்பா, மூடி, பக்கத்து வீட்டுல கூட்டம்னு ஒரு நாடகம்? அந்த டப்பா நல்லாத்தான் இருக்கு, அது வேற விஷயம்."

காரில் ஏறும்போது தாமரை புனிதாவின் காதோரம் குனிந்தாள். "பாதிதான் சொன்னேன் மிஸ்ஸி. மீதி பாதி என்னோடது."

மருத்துவமனையின் மகளிர் பிரிவில் பெயர் கூப்பிடக் காத்திருந்தார்கள். வீரம்மாவுக்குச் சும்மா உட்கார வராது. சுவரில் இருந்த படங்களைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெண்ணிடம் எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தாள், கடைசியில் புனிதாவின் பக்கம் திரும்பினாள்.

"வந்ததுதான் வந்தேன். எனக்கும் ஒண்ணு எடுத்திரு."

"என்னது?"

"இந்த டெஸ்டுதான். நானும் பொம்பளதானே? மருமகளுக்குப் பாக்குறே, எனக்குப் பாக்க மாட்டியா?"

தாமரை சட்டென்று நிமிர்ந்தாள். புனிதாவின் ஆராய்ச்சியில் எச்.ஐ.வி. உள்ள பெண்களைத் தவிர யாரையும் சேர்க்க முடியாது. ஏன் என்ற கேள்வியை வீரம்மா கேட்காமல் விடப்போவதுமில்லை. பாதியாக நின்ற ரகசியத்தின் மறுபாதி இப்போது புனிதாவின் நாக்கு நுனியில் இருந்தது.

"உங்களுக்கு இங்க எடுக்க முடியாது, ஆன்டி."

"ஏன்? அவளுக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?"

"அவங்களுக்கு முதல் டெஸ்ட் முடிஞ்சு போச்சு. இது ரெண்டாவது. முதல் டெஸ்ட் எடுக்காதவங்களை இங்க பாக்க மாட்டாங்க. உங்களுக்கு முதல் டெஸ்ட் கிள்ளான்லயே, உங்க தாமான் பக்கத்து கிளினிக்ல எடுக்கலாம். உங்க வயசுக்கு இன்னும் காலம் கடக்கல. இன்னிக்கே நாள் வாங்கித் தரேன்."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வீரம்மா அதைக் கொஞ்ச நேரம் மென்று பார்த்தாள். மேல்பள்ளிக்கூடம் போகக் கீழ்ப்பள்ளிக்கூடம் முடித்திருக்க வேண்டும் என்கிற மாதிரி அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. "எப்பவோ சொல்லியிருக்கலாம்ல, நானும் முதலாவதை முடிச்சிருப்பேன்" என்று முணுமுணுத்தாள். அதற்குள் தாமரையின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே, தாமரை உடை மாற்றிக்கொண்டு மேசையில் படுத்தாள். "வலிக்குமா மிஸ்ஸி?"

"சுருக்குனு இருக்கும். இல்லைன்னு சொல்ல மாட்டேன். கையைக் கொடு."

மருத்துவர் கருவி வைத்துப் பார்த்தார். ஒரு பக்கமாக வெள்ளைப் படலம். மாற்றம் தொடங்கியிருந்தது. அப்போதே மரத்துப்போக ஊசி போட்டு, அந்த இடத்தைச் சுட்டு எடுத்தார். எடுத்த துண்டு ஆய்வகத்துக்குப் போனது. அதற்குள் புற்று இறங்கியிருக்கிறதா என்று அவர்கள் சொல்ல வேண்டும். தாமரை புனிதாவின் விரல்களை நசுக்கிப் பிடித்ததில் மோதிரம் பதிந்த தடம் வெகுநேரம் மறையவில்லை. வெளியே வந்ததும் வீரம்மா மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து வாழையிலையில் சுற்றிய நாசி லெமாக் சோற்றை எடுத்து, "சாப்புடு, முகம் வெளுத்திருக்கு" என்று பிரித்து வைத்தாள்.

அந்த வாரமே புனிதா தன் எஸ்.ஓ.பி.யைக் கிழித்து மறுபடி எழுதினாள். இனி நல்ல சேதிக்கும் போன், மற்றதற்கும் போன். 'நோயற்ற பெண்களைத் தொலைபேசியில் அழைப்பதன் அவசியம் என்ன?' என்று ஒழுக்கநெறிக் குழு கேட்டது. புனிதா நாலு பக்கம் பதில் எழுதினாள். சுகுமாறன் படித்துவிட்டு, "நீ கூப்பிட்டா பயப்படறாங்கன்னு ஒரு வரியில எழுதலாமே" என்றான். அவள் அதையும் ஐந்தாம் பக்கத்தில் சேர்த்தாள். பழக்கம் உடனே மாறிவிடவில்லை. சோதனை சுத்தமாக வந்த செராஸ் பகுதிப் பெண் ஒருத்தி மணியைக் கேட்டதும் போனை அணைத்தாள். இன்னொருத்தி எடுத்த எடுப்பில் அழுதாள். புனிதா சளைக்கவில்லை, திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள்.

ஆய்வகத்தின் முடிவு வந்தது. புனிதா அதை இரண்டு முறை படித்தாள். கதவைச் சாத்தினாள். சொல்ல வேண்டியவற்றை வரிசையாகத் தாளில் குறித்துக்கொண்டாள். பிறகு தாமரையைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. புனிதா தாளை மடித்தாள், பிரித்தாள். மறுபடி கூப்பிடக் கை போனபோது அவள் போனே அடித்தது.

"கஸ்டமர் இருந்தாங்க மிஸ்ஸி, கையில பட்டுச் சேலை" என்றாள் தாமரை. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. மூச்சு மட்டும் கொஞ்சம் வேகம். "இப்ப ஸ்டோருக்குள்ள வந்துட்டேன். உக்காந்துட்டேன். சொல்லுங்க."

"கேன்சர் இல்ல. கெட்டதை முழுசா எடுத்தாச்சு. எடுத்த துண்டோட ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு."

தாமரை மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இன்னும் இருக்கு, கேளு" என்று புனிதா தாளை நிமிர்த்திப் பிடித்தாள். "ஆறு மாசத்துல ஒரு தடவை வரணும். அது முதல் விஷயம். ரெண்டாவது, எதுக்கு ஆறு மாசம்னா..."

"ஆறு மாசம். சரி, வரேன் மிஸ்ஸி. வச்சிரட்டுமா? அந்தம்மா பச்சையா நீலமான்னு கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க, விட்டா எதிர்க்கடைக்குப் போயிருவாங்க."

போன் துண்டிக்கப்பட்டது. இரண்டாவதிலிருந்து ஏழாவது வரை சொல்ல வேண்டிய விஷயங்கள் இருந்த தாளை மடித்துவிட்டு, புனிதா அடுத்த பெண்ணின் எண்ணை அழுத்தினாள்.